நாவரசர் சொல்லாத நாற்பத்தொன்று

குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் விழுந்தது. இனி பன்னிரண்டு நிமிஷம், அதற்கு மேல் போகாது. சீனிராஜ் குளித்து, தலையைத் துவட்டி, கட்சிக் கரை போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வருவார். காலண்டருக்கு முன்னால் நிற்பார். நேற்றைய தாளைக் கிழிப்பார். கிழித்ததும் தெரிகிற இன்றைய தாளில் கட்சித் தலைவர் நாவரசர் மெய்கண்டான் சொன்ன பொன்மொழியை நாவரசரின் குரலிலேயே, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, தெருவுக்கே கேட்கிற மாதிரி படிப்பார். அப்புறம்தான் காப்பி. செத்து ஆறு வருஷமான மனுஷன் அந்த வீட்டில் தினமும் காலை ஆறே முக்காலுக்கு ஒரு தடவை பேசிவிட்டுத்தான் போவார். அன்னத்தாய் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். உட்கார்ந்தாளே தவிர, ஒரே வெங்காயத்தை எத்தனை தோல் உரிப்பாள்? கையில் இருந்தது பாதியாகச் சிறுத்துப்போயிருந்தது. இன்றைக்கு மார்ச் பதினேழு, செவ்வாய்க்கிழமை. சிவகாசியில் மட்டுமா, தமிழ்நாடு முழுக்க எண்பதாயிரம் சுவர்களில் இன்றைய தாள் தொங்குகிறது. அதில் இருக்கிற வாக்கியத்தை நாவரசர் சொல்லவில்லை, அன்னத்தாய் சொன்னாள். எண்பதாயிரமும் ஒரே ஒரு ஆள் படிப்பதற்காக அச்சானது. அந்த ஆள் இப்போது உள்ளே சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

பயம் இல்லாமலா இருக்கும்? ஆனால் பயத்தைவிட, மனுஷன் என்னதான் செய்யப்போகிறார் என்கிற குறுகுறுப்பு அதிகம். முப்பது வருஷத்துக்கு மேல் மேடை மேடையாகப் பின்னால் போய்க் கேட்டவர், பீரோ நிறைய கேசட் வைத்திருப்பவர், இது அவர் சொன்னதுதான் என்று நம்புவாரா? நம்பினால் கேட்பாரா? கேட்டால் போனை எடுப்பாரா? ஒன்றுக்கொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டே போனால் கடைசி முடிச்சில் வழுதி நிற்கிறான், திருப்பூரில், கையில் பாஸ்போர்ட்டோடு. பெயர் இளவழுதி, வீட்டில் வழுதி. ஒரே பிள்ளை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னான், எத்தியோப்பியாவில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை, மூன்று வருஷ ஒப்பந்தம், வெள்ளிக்கிழமை விமானம் என்று. அப்பா கூப்பிட்டால் வந்து ஒருநாள் இருந்துவிட்டுப் போகிறேன், கூப்பிடவில்லையென்றால் நேராக ஏர்போர்ட்தான் என்று. குரலில் கோபமில்லை. அதுதான் அவளைப் போட்டு வாட்டியது. கோபமாகச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை அவளும் திட்டியிருப்பாள். அவன் பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னான். அவளும் சரிப்பா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, அந்தப் பெயரை எடுத்தாலே அவர் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடுவார். அப்புறம்தான் நினைவுக்கு வந்தது, செவ்வாய்க்கிழமை பதினேழாம் தேதி என்று. போன வருஷமே எழுதி வைத்த தாள். பிள்ளையின் பிறந்தநாள் என்பதற்காக அந்தத் தேதியில் போட்டது. இப்படி ஒரு வாரத்தில் வந்து விழும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

போன ஐப்பசியில்தான் அந்த வேலை வந்தது. அன்னத்தாய் காலண்டர் அச்சகத்தில் பதினாறு வருஷமாக ப்ரூஃப் பார்க்கிறவள். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும், அதில் விளையாட முடியாது. ராசிபலன் அப்படியில்லை. அந்த அச்சகத்தில் அதற்கென்று ஜோசியர் யாரும் வந்து உட்காருவதில்லை. லாபம், சுகம், நட்பு, அலைச்சல், வரவு, பரிவு என்று ஒரு முப்பது வார்த்தை இருக்கிறது, அதைப் பன்னிரண்டு ராசிக்கும் அன்னத்தாய்தான் மாற்றி மாற்றிப் போடுவாள். மேஷத்துக்கு மூன்று நாள் தொடர்ந்து அலைச்சல் வந்துவிட்டால் பாவமாக இருக்கும், நாலாம் நாள் சுகம் கொடுத்துவிடுவாள். அப்படிப் பழகின கை. கட்சித் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு ஃபைல் வந்தது, தினம் ஒரு பொன்மொழி, நாவரசர் நினைவுக் காலண்டர், எண்பதாயிரம் பிரதி. எண்ணிப் பார்த்தால் முந்நூற்று இருபத்தைந்துதான் தேறியது. நாற்பது குறைகிறதே என்று மேனேஜர் அங்கே போன் போட்டார். சொன்னதையே திருப்பிப் போடக்கூடாது, நாவரசர் சொன்னதற்கா பஞ்சம், தேடிப் போடுங்கள் என்று வைத்துவிட்டார்கள். மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, உங்க வீட்டுக்காரர்தான் கட்சிக்காரராச்சே, எதையாச்சும் கேட்டு நிரப்பிடுங்கம்மா என்றார். அவள் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? இருபத்தெட்டு வருஷம் காலையிலும் மாலையிலும் அந்த ஆள் பேச்சைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறாள். குழம்பில் உப்பு இல்லை என்பதற்குக்கூட அவர் நாவரசரின் விழுப்புரம் மாநாட்டு உரையிலிருந்து ஒரு வரி எடுத்துப் போடுவார். மின்வெட்டுக்கு ஒரு வரி, மாமியார் சாவுக்கு ஒரு வரி. அவள் பிரசவ வலியில் கத்திக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, வலிக்காமல் விடியாது என்று நாவரசர் சொல்லியிருக்கிறார் என்று நர்ஸிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர். அந்த வாய்க்கு இரண்டு வரி கூடுதலாகச் செய்துபோட அவளுக்கா தெரியாது? முதல் பாதியில் ஒன்றை நிமிர்த்த வேண்டும், இரண்டாம் பாதியில் அதையே கவிழ்க்க வேண்டும், கடைசியில் ஒரு "மாட்டேன்" வைக்க வேண்டும். மேனேஜர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய் வருவதற்குள் ஏழு எழுதிவிட்டாள்.

நாற்பதுதான் வேண்டியிருந்தது. நாற்பத்தொன்றாக ஆனதற்கு அவள்தான் காரணம். ஃபைலில் இருநூற்றுப் பன்னிரண்டாவதாக ஒன்று இருந்தது, "முதுகில் குத்தியவனுக்கு இனி என் முகத்தைக் காட்டமாட்டேன்" என்று. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கை நின்றுவிட்டது. அதே வரிதான். நாலு வருஷத்துக்கு முன்னால், நாத்தனார் பேத்திக்குக் காதுகுத்து, பந்தியில் எல்லோரும் இருக்கிறார்கள். மச்சான் நாலு வார்த்தை வாழ்த்திப் பேசுங்க என்று யாரோ சொல்ல, சீனிராஜ் எழுந்து கால் மணி நேரம் நாவரசரையே பேசினார். கடைசி வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்த வழுதி சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, பிறந்ததுலேருந்து சொந்தமா ஒரு வாக்கியம் பேசியிருக்கீங்களா?" என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான். ஆனால் பந்தியே சிரித்தது. அந்தச் சிரிப்பு ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்குப் போய் இலைக்கு இலை தாவியதை அவள் பார்த்தாள். சீனிராஜ் முகம் வெளிறிப்போய் நின்றார். அப்போதாவது ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருக்கலாம், ரெண்டு அறை விட்டிருக்கலாம், பிள்ளை தாங்கிக்கொள்வான். அந்த நேரத்திலும் மனுஷனுக்கு வாயில் வந்தது நாவரசர்தான். முதுகில் குத்தியவனுக்கு முகம் காட்டமாட்டேன். சொன்னார், சொன்னபடி நடந்தார். நாலு தீபாவளி போய்விட்டது. வழுதி வருகிறான் என்று தெரிந்தால் இவர் கட்சி ஆபீஸில் போய்ப் படுத்துக்கொள்வார். அப்புறம் வழுதி வருவதையே விட்டுவிட்டான். அந்தப் பெயரே நாவரசர் வைத்ததுதான், அருப்புக்கோட்டைக் கூட்டத்தில் கைக்குழந்தையை மேடைக்குத் தூக்கிக்கொடுத்து வைக்கச் சொன்ன பெயர். அக்கம்பக்கத்தில் ஒருத்தருக்கும் வாயில் நுழையாது. பிள்ளையின் மேல் கோபம் வந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டமாட்டார், நாவரசர் வைத்த பெயராச்சே என்பார். திட்டமுடியாத பிள்ளையைக் கொஞ்சவும் முடியாமல் போய்விட்டது. இருநூற்றுப் பன்னிரண்டை அவள் சிவப்பு மையால் ஒரே கோடாக அடித்தாள். பதினாறு வருஷத்தில் வந்த மேட்டரில் கை வைத்தது அன்றுதான் முதல் தடவை. காலியான ஒரு இடத்துக்கு மார்ச் பதினேழு என்று தேதி போட்டாள்.

உள்ளே சொம்புச் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. இன்னும் ஏழு நிமிஷம். நம்புவாரா? நம்பமாட்டார் என்று சொல்லவும் வழியில்லை. ஜனவரி மூன்றாம் தேதி அவளுடைய முதல் சரக்கு வந்தது. "பசித்தவனிடம் தத்துவம் பேசாதே, முதலில் தட்டைக் கழுவி வை." படித்துவிட்டு ஒரு நொடி நின்றார். அவளுக்கு உயிர் கையில் இல்லை. "அருப்புக்கோட்டை, எழுபத்தொன்பது" என்று முணுமுணுத்துவிட்டுக் காப்பிக்குக் கை நீட்டினார். எழுபத்தொன்பதில் இவருக்கே பதினோரு வயசு. சரி, வேறு எதையோ நினைத்துக்கொண்டிருப்பார் என்று விட்டாள். ஜனவரிக் கடைசியில் அடுத்தது, "கைதட்டியவர்கள் கலைந்தபின் நாற்காலி அடுக்குகிறவனே தொண்டன்." இதை எழுதும்போது இவரைத்தான் நினைத்து எழுதினாள். எத்தனை கூட்டம் முடிந்து இவர் நாற்காலி அடுக்கிவிட்டு வருவதற்காகச் சோற்றை மூடி வைத்திருக்கிறாள். அந்த வரி கட்சிக்குள் பிடித்துக்கொண்டது. ஆட்டோவுக்குப் பின்னால் எழுதினார்கள், போஸ்டரில் போட்டார்கள். கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் மாவட்டச் செயலாளருக்குப் போன் போட்டு, இது எந்தக் கூட்டத்தில் பேசியது, எங்கள் பட்டியலில் இல்லையே, அச்சகத்தில் எவன் செருகினான் என்று கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் மாவட்டச் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். அன்னத்தாய் காப்பித் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றாள், வேலை போயிற்று என்று. சீனிராஜ் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார், சாத்தூர் மாரியம்மன் கோயில் பக்கத்துத் திடல், எண்பத்தொன்பது, ஐப்பசி அடைமழை, மைக் செட்டுக்காரன் ஒயரைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டான், நாவரசர் மைக் இல்லாமலே பேசினார், நான் நனைந்துகொண்டே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன், என்னைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார் என்று. மாவட்டச் செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. மைக் இல்லாததால் கேசட்டில் வரவில்லை போலிருக்கிறது என்று அவரே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

அன்றையிலிருந்து அவளுக்கு அதே யோசனைதான். பொய் சொல்கிற ஆளா அவர்? மளிகைக்கடையில் ஒரு ரூபாய் மிட்டாயைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால்கூடத் திரும்ப நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருகிறவர். அப்படியானால் நிஜமாகவே நினைவிருக்கிறதா? நடக்காத கூட்டம், பெய்யாத மழை, ஓடாத மைக் செட்டுக்காரன், இத்தனையும் ஒருத்தன் தலைக்குள் எப்படி வரும்? ஒருவேளை நாவரசர் உண்மையிலேயே சொல்லியிருப்பாரோ, இவர் எப்போதோ தூக்கத்தில் உளறி, அது அவள் காதில் விழுந்து, அதைத் தன்னுடையது என்று நினைத்து அவள் எழுதிவிட்டாளோ? அப்படியானால் அவளுக்கென்று இருப்பது எது? இதை நினைத்து இரண்டு நாள் ப்ரூஃபில் எமகண்டத்தைக் கோட்டைவிட்டாள். பிப்ரவரியில் வந்த ஆறுக்கும் அவர் கூட்டம் வைத்திருந்தார். ராஜபாளையம், கோவில்பட்டி, ஒருதடவை திண்டுக்கல். ஒவ்வொன்றிலும் யார் மாலை போட்டார்கள், எந்த ஓட்டலில் சாப்பிட்டார்கள் என்பது வரைக்கும். அவள் வேண்டுமென்றே ஒருநாள் கேட்டாள், அந்தக் கோவில்பட்டிக் கூட்டத்துக்கு என்னை ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று. நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தே என்றார், கண்ணைச் சிமிட்டாமல். அவளுக்கே ஒரு நிமிஷம் போயிருந்த மாதிரி இருந்தது. அப்படிப்பட்டவர் இன்றைய வரிக்கும் ஒரு கூட்டம் வைத்திருப்பார், மதுரை என்பார், தேர்தல் தோற்ற வருஷம் என்பார். நாவரசர் சொன்னதாக அவர் நம்பிவிட்டால் போதும். நாவரசர் சொல்லி அவர் தட்டினதில்லை.

இந்த ஒரு வரிக்கு அவள் பதினொரு நாள் எடுத்துக்கொண்டாள். முதலில் மகன் என்று வைத்தாள், ரொம்ப நேராக இருந்தது, அடித்தாள். மன்னிப்பு என்று வைத்தாள், அது நாவரசர் வாயில் வராத வார்த்தை. அப்புறம் ஒருநாள் மத்தியானம், ப்ரூஃப் மேஜையில் டிபன்பாக்ஸைத் திறந்துகொண்டே, முழுசாக வந்து விழுந்தது. "வீட்டுக்கதவைச் சாத்திவிட்டு நாட்டின் கதவைத் திறக்க வந்தவனை நான் தொண்டன் என்று சொல்லமாட்டேன்." சோற்றில் கை வைக்காமல் எழுதினாள். பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது, கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அச்சாகி, தாள் தாளாக அடுக்கி, தகரப்பட்டை அடித்து, லாரி ஏறிப் போனபோதுதான் இந்த எண்பதாயிரம் என்கிற எண்ணிக்கையே உறைத்தது. இப்போது இந்த நிமிஷம் எத்தனை வீட்டில் கிழிக்கிறார்களோ. கதவைச் சாத்தின ஆட்கள் வேறு எத்தனை பேரோ. மாவட்டச் செயலாளர் தம்பியோடு கோர்ட்டுக்கு அலைகிறவர், அவர் படித்துவிட்டு என்ன செய்வார்? டீக்கடையில் தொங்குகிறதைப் படித்துவிட்டு ஒரு டிரைவர் பெண்டாட்டியைக் கூப்பிடுவானோ? ஓமலூரிலோ ஒரத்தநாட்டிலோ முகம் தெரியாத ஒரு பெண்பிள்ளையின் தகப்பன் எழுந்து சட்டையை மாட்டுவானோ? ஒருத்தனும் ஒன்றும் செய்யாமல், தாளை மடித்துப் பல் குத்திவிட்டுப் போடவும் வாய்ப்பிருக்கிறது. அங்கெல்லாம் என்ன ஆனால் என்ன, இந்த வீட்டில் மட்டும் கேட்டால் போதும் சாமி என்று நினைத்தாள். நினைத்த மறுநிமிஷம் மற்ற வீடுகளையும் நினைத்துக்கொண்டாள், ஆசை யாரை விட்டது.

தாழ்ப்பாள் எடுக்கிற சத்தம். ஈரக் கால் தரையில் வைத்து நடப்பது கேட்டது. பீரோ கதவு, வேட்டி உதறுவது, பெல்ட் கொக்கி. கூடத்தில் வந்து நின்றார். அன்னத்தாய் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாள் கிழியும் சத்தம் வந்தது. இப்போது தொண்டையைச் செருமுவார். செருமினார். இப்போது "வீட்டுக்கதவை" என்று இழுப்பார். இழுக்கவில்லை. தெருவில் பேப்பர் போடுகிற பையனின் சைக்கிள் போயிற்று. கண்ணாடி போடவில்லையோ, போட்டிருப்பார், குளித்ததும் முதலில் அதைத்தான் தேடுவார். எழுத்து தெளிவாக விழாமல் போயிருக்குமோ, எண்பதாயிரத்தில் ஒன்று மை பிசகினது நம் வீட்டுக்கே வந்ததோ. அப்போது இன்னொரு தாள் கிழியும் சத்தம் கேட்டது. அவளுக்கு அது விளங்கவில்லை. ஒருநாளைக்கு ஒன்றுதானே கிழிப்பார், ஊருக்குப் போனால்கூடத் திரும்பி வந்து ஒவ்வொரு நாளாக வாசித்துத்தான் கிழிப்பார். எட்டிப் பார்த்தாள். சுவரில் பதினெட்டாம் தேதி தொங்கியது. சீனிராஜ் கையில் இரண்டு தாளை வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

அவள் நாக்கில் மதுரை தயாராக இருந்தது. எந்தக் கூட்டம் என்று கேட்டால் சொல்வதற்கு. அவர் கேட்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார், அது நாவரசரின் குரல் இல்லை.

"பொங்கலுக்கு முன்னாடியே முழுசும் புரட்டிப் பாத்துட்டேன் அன்னம். நாற்காலிக்குச் சாத்தூர் சொன்னேன். தட்டுக்கு அருப்புக்கோட்டை சொன்னேன். மாவட்டம் வீட்டுக்கு வந்தன்னைக்கு மழையையும் நானே பெய்ய வச்சேன். இதுக்கு ரெண்டு மாசமா யோசிக்கிறேன். ஒரு கூட்டமும் சொல்ல முடியல."

அன்னத்தாய்க்கு முதலில் கோபம்தான் வந்தது. அத்தனை நாள் தலையைப் போட்டு உடைத்துக்கொண்டோமே, தெரிந்துகொண்டே ராஜபாளையம் திண்டுக்கல் என்று ஊரைச் சுற்றிக் காட்டியிருக்கிறாரே என்று. அந்தக் கோபம் பாதியிலேயே வேறு என்னவோ ஆகி, கண்ணில் முட்டியது. வாழ்நாளில் பொய் சொல்லாத ஆள், நாவரசர் பெயரிலேயே, அவள் வேலைக்காக அத்தனை பொய்யும் சொல்லியிருக்கிறார்.

"அவர் சொல்லல. நான் சொன்னேன்" என்றாள்.

"நேரா சொல்லியிருக்கலாமே."

"நான் நேரா சொல்லி எப்பக் கேட்டீங்க?"

அவர் இரண்டு தாளையும் மடித்து, எங்கே வைப்பது என்று தெரியாமல், அரிசி டப்பா மேல் வைத்தார். பிறகு செல்போன் இருக்கிற திசையில் மோவாயால் காட்டினார். அவள் எழுந்து போய் எடுத்து, நம்பரைத் தட்டி, அவரிடம் கொடுத்தாள். நாலாவது மணியில் வழுதி எடுத்து, சொல்லும்மா என்றான், தூக்கக் குரலில். சீனிராஜ் வாயைத் திறந்தார், மூடினார். பத்தாயிரம் பேருக்கு முன்னால் மைக் டெஸ்ட் பண்ணின மனுஷன், ஒரே ஒருத்தன் கேட்டுக்கொண்டிருக்க, அடுக்களையில் வியர்த்துப்போய் நின்றார். அவளைப் பார்த்தார். எடுத்துக்கொடு என்கிற பார்வை. நாற்பத்தொரு வாக்கியம் செய்தவளுக்கு இன்னொன்று செய்வது கஷ்டமில்லை, நாக்கு நுனியில் இரண்டு மூன்று வந்தும் நின்றன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றாள். அம்மா, அம்மா என்று போனுக்குள் வழுதி கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நீ போற ஊர்ல" என்று ஆரம்பித்தார் சீனிராஜ். நின்றார். அவள் அவரிடம் எத்தியோப்பியா என்று மூச்சு விட்டதில்லை. "அந்த ஊர்ல தண்ணியெல்லாம் ஒழுங்கா வருமாடா?"

லைன் போய்விட்டதோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி வைத்துக்கொண்டார். அப்புறம் வழுதி மூக்கை உறிஞ்சுவது அன்னத்தாய்க்கே கேட்டது.

"நேர்ல வந்து சொல்றேன்ப்பா."